குரங்கணியிலிருந்து வரவேண்டிய மாம்பழ லோடு

மதுரையில் காலை ஆறரைக்கு ஏறிய பஸ் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. ஆனி மாதம். மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. ஊரில் ஒரு துளி மழையில்லை. பஸ் நிலையத்தில் என் கல்லூரித் தோழி எஸ்தர் காத்திருந்தாள். பழங்களை டின்னில் அடைக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறாள். "வந்து பாருடி" என்று இரண்டு வருடமாக அழைத்துக்கொண்டிருந்தாள்.

ராசிங்காபுரம் சாலையில், தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். மாம்பழங்களைத் தொட்டியில் அலசி, தோல் சீவி, கொட்டை நீக்கித் துண்டு போடுகிறார்கள். டின்னில் துண்டுகளை நிரப்பிச் சூடான சர்க்கரைப் பாகை ஊற்றி, உள்ளிருக்கும் காற்று வெளியேற ஆவியில் வைக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் மூடியை அழுத்திவிட வேண்டும். மூடி அழுத்தும் இயந்திரத்தில் நின்றவள் லட்சுமி. மூடிய டின்கள் கொதிநீரில் வெந்து, உடனே குளிர்ந்த நீருக்குப் போகின்றன.

பதினொரு மணிக்குப் பழம் தீர்ந்துவிட்டது. மலையடிவாரத்துக் குரங்கணித் தோப்பிலிருந்து அடுத்த லோடு ஏற்றி வரும் ஜீப் வந்து சேரவில்லை. அதை ஓட்டுபவர் லட்சுமியின் கணவர் கருப்பையா.

"மேல மழ வெளுத்துக் கட்டுதாம்க்கா. ஓடையில தண்ணி வந்திருக்கும்" என்று எஸ்தரிடம் சொன்னாள் லட்சுமி. நின்றுபோன இயந்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. எஸ்தர் காரை எடுத்தாள். லட்சுமியும் நானும் ஏறிக்கொண்டோம். குரங்கணி பதினாறு கிலோமீட்டர். முந்தல் கிராமத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் செம்மண் கலந்த வெள்ளம் புரண்டு ஓடியது. அக்கரையில் ஜீப் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை.

லட்சுமி தண்ணீரின் விளிம்புவரை ஓடினாள். நான் பின்னாலேயே ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்யா! எங்கய்யா இருக்க?"

ஜீப்பின் பின்புறத் தார்ப்பாய் விலகியது. முதலில் ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர். கடைசியாகக் கருப்பையா.

"நா நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தினார். "பாவம், பசியோட நின்னாக. பழத்தக் குடுத்துட்டேன். லோடு கொறையும்னு அக்காகிட்டச் சொல்லிரு!"

"வயிறாரச் சாப்பிடட்டும்ண்ணே!" என்று எஸ்தர் பதிலுக்குக் கத்தினாள். லட்சுமி ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளம் வடிந்து ஜீப் இக்கரை வந்தபோது நாலு மணி. லட்சுமி முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"நீ எதுனாச்சும் தின்னியா?" என்றார் அவர்.

"எனக்கு எப்பிடிய்யா எறங்கும்?"

திரும்பும்போது அவள் எங்களோடு காரில் ஏறவில்லை. ஜீப்பின் முன்னிருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தொழிற்சாலையில் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மீண்டும் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே நான் பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் இப்படிக் காத்திருப்பவர் யாருமில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் தாமதமாக வந்தால் என் கணவர் காரணம் கேட்பதில்லை. நானும் அவரைக் கேட்பதில்லை. அன்று இரவு மதுரை வீட்டில் கதவைத் திறந்தவரிடம் நானே கேட்டேன்: "பயந்துட்டீங்களா?"

அவர் என் பையை வாங்கிக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றார்.