நான் ராத்திரியாக்கின மலையள்

தொண்ணூறுகளின்ரை நடுவிலை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த டோர்செட் பார்க்கிலை, எங்கடை அப்பார்ட்மென்டுக்குக் கிட்ட இருந்த ஒரு போட்டோக் கடையிலை எனக்கு வேலை கிடைச்சுது. பிலிம் கழுவிப் படம் அடிக்கிற வேலை. ஒரு மாசம் பாத்துத்தான் நிரந்தரமாக்கிறதெண்டு முதலாளி அண்ணை சொல்லியிருந்தார். அதுக்கு முன்னம் மூண்டு வேலை கைவிட்டுப் போட்டுது. நாலாவது எப்ப போகுமெண்டு மனிசி கேக்காமல் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

மூண்டாம் கிழமை, முகத்தோல் உரிஞ்ச ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் ஒரு பிலிம் ரோல் குடுத்திட்டுப் போனார். ஆர்க்டிக் பக்கம் மலை ஏறிப்போட்டு வந்தவராம். முதலாளி அண்ணை மில்லிக்கன் பக்கத்திலை ஒரு வீட்டுக்குக் கலியாண அல்பம் குடுக்கப் போட்டார். கடையிலை நான் தனிய.

படங்கள் வர வர எனக்குத் தலை சுத்திச்சுது. மரமில்லை, வீடில்லை, ஒரு ஆடுகூட இல்லை. வெறும் கருங்கல்லு, கத்தியாலை வெட்டி நிறுத்தினமாதிரி. அடியிலை ஒரு மஞ்சள் புள்ளி. தூசியெண்டு நெகட்டிவை மூண்டு தரம் துடைச்சன், போகேல்லை. உத்துப் பாத்தால் அது கூடாரம். அப்ப மலை எவ்வளவு உயரமெண்டு யோசிச்சு இன்னும் குழம்பினன்.

பெரிய குழப்பம் படங்களின்ரை மூலையிலை கிடந்தது. கமரா தானா அடிக்கிற நேரம், செம்மஞ்சள் எழுத்திலை: ராத்திரி பத்து, ராத்திரி ஒண்டரை. படத்திலையோ நல்ல வெய்யில். என்ரை மெசின்தான் பிழை விட்டிட்டுது, பழி என்ரை தலையிலை விழப்போகுதெண்டு நினைச்சன். நான் கெட்டிக்காரன்தானே. மெசினிலை இருட்டாக்கிற பட்டனை அமத்தி அமத்தி முப்பத்தாறு படத்தையும் ராத்திரியாக்கிப்போட்டன். பத்து மணிப் படத்துக்குக் கொஞ்சம் இருட்டு, ஒண்டரைப் படத்துக்குக் கும்மிருட்டு.

பின்னேரம் அந்தாள் வந்து பாத்துப்போட்டு, இது எந்த இடமெண்டு என்னட்டைக் கேட்டுது. உங்கடை மலைதான் எண்டன். கோடையிலை அங்கை சூரியன் மறையாதெண்டு அந்தாள் சொல்லிச்சுது. எனக்குப் பகிடி விடுதாக்கும் எண்டு நினைச்சன். அந்த நேரம் பாத்து முதலாளி அண்ணை வந்திட்டார்.

"அண்ணை, இவர் ராத்திரி ஒண்டரைக்கும் வெய்யில் எண்டுறார்."

"உமக்கு மலையைப் பற்றி என்ன காணும் தெரியும்?"

"எங்கடை ஊர்க் கீரிமலை தெரியும்."

"அங்கை மலை எங்கை கிடக்கு? கேணியெல்லோ கிடக்கு."

காசில்லாமல் திருப்பி அடிச்சுக் குடுக்கச் சொன்னார். வேலை கைவிட்டுப் போட்டுதெண்டு நான் முடிவே கட்டிப்போட்டன்.

புதுப் படங்கள் வெய்யிலோடை வந்துது. அந்தாள் அதை ஒருக்காப் பாத்து வைச்சிட்டு, நான் எறிய வைச்சிருந்த இருட்டுப் படம் ஒண்டைத் தூக்கிச்சுது. ஆறு கிழமை வெளிச்சத்திலை நித்திரையில்லாமல் கிடந்ததாம். தொப்பியாலை கண்ணை மூடிக்கொண்டு, ஒரேயொரு இரவு வராதோ எண்டு கிடந்ததாம். கடைசியிலை அந்தப் பிழையான படத்தைத்தான் பெரிசாக்கித் தரச் சொல்லிச்சுது. சுவரிலை மாட்டவாம்.

அண்ணை படத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். கடை பூட்டேக்கை, "நாளைக்கு வாரும். அந்தப் பட்டனிலை கை வையாதையும்" எண்டார்.

வீட்டை போய், வேலை போகேல்லையெண்டு மனிசிக்குச் சொன்னன். இவ்வளவு பிழை விட்டும் ஏன் போகேல்லையெண்டு கேட்டா.

அதுதான் எனக்கும் விளங்கேல்லை எண்டன்.