கூரை எழும்பும் வேன்

அப்பா றக்வானைப் பக்கம் தோட்ட லொறி ஓட்டியவர். தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரை நாட்டை விட்டுப் போகும்போது தன்னுடைய பழைய வேனை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் கூரையைக் கையால் தள்ளினால் மேலே எழும்பும். சுற்றிலும் கன்வஸ் துணி சுவர்போல விரியும். உள்ளே ஒருவர் படுக்கப் பலகை உண்டு.

லயத்து வரிசை வீட்டில் எங்கள் எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே காம்பராதான். அம்மா தனியாகக் கால் நீட்டிப் படுத்தது முதன்முதலில் அந்தக் கூரைக்குள்தான். வருஷக் கடைசியில் தங்காலைக்குப் போவோம். கடற்கரையில் வேன் நின்றதும் அம்மா மேலே ஏறிவிடுவாள். கீழே இறங்கச் சொல்லி அப்பா கெஞ்சவேண்டியிருக்கும்.

அப்பா காலமானபிறகு அம்மா ஓப்பநாயக்கவில் அண்ணனோடு தங்கிவிட்டாள்; வேனும் அவர் வீட்டுக் கொட்டிலில் நின்றுவிட்டது. போன வருஷம் ஒரு சிங்களத் தம்பதி அதைக் கேட்டு வந்தார்கள். கூரை வேலை செய்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் கொழும்பிலிருந்து லீவில் போனேன்.

கூரையின் முன்பக்கம் எழும்பியது. பின்பக்கம் அசையவேயில்லை. நான் பலமாகத் தள்ளினேன்.

"தள்ளாத புள்ள, துணி கிழிஞ்சிரும்," என்றார் அண்ணன்.

முன்பக்கத்துக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, கன்வஸைக் கழற்றினோம். அதன் மடிப்பிலிருந்து மணல் பொலபொலவென்று என் மடியில் கொட்டியது. அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தங்காலை மணலு," என்றார்.

பின்பக்கத்தில் கத்தரிக்கோல்போல மடங்கும் இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. அவற்றை இணைக்கும் ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பிரிங்கும் உடைந்துபோயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். மறுநாள் காலையில் தட்டியதும் ஆணி கழன்றது. துளை தேய்ந்து முட்டைபோல நீண்டிருந்தது. பெல்மதுளையில் லேத் கடை மேஸ்திரி பாஸிடம் அண்ணன் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். பாஸ் துளையை அடைத்து மறுபடி துளைத்து, புது ஆணியும் கடைந்து கொடுத்தார். ஸ்பிரிங் பழைய சாமான் கடையில் கிடைத்தது.

எல்லாவற்றையும் மறுபடி பொருத்திப் பூட்டி, கிரீஸ் தடவி, ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினோம். கூரை நேராக எழும்பியது. சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள்.

"என்னைய ஏத்தி விடுங்க."

"முழங்கால் வலின்னு நேத்துதானே சொன்னீங்க?" என்றேன்.

"இன்னிக்கு வலிக்கல."

கீழிருந்து நான் தாங்க, மேலிருந்து அண்ணன் பிடிக்க, எப்படியோ ஏற்றிவிட்டோம். கன்வஸ் சன்னல் வழியாக றப்பர் மரங்களும் அடுத்த வீட்டுத் தகரக் கூரையும்தான் தெரிந்திருக்கும். அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். பால் போடாத பிளேன்டீயைக்கூட அங்கேயே கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"விக்க வேணாம்னா சொல்லுங்கம்மா," என்றேன்.

"கொட்டில்ல நிக்க வச்சு என்னாத்துக்கு? ஓடட்டும்."

தம்பதி வந்த அன்று அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வேனுக்குள் கூட்டிப்போனாள். கூரையை இறக்குமுன் கன்வஸை உள்ளே இழுத்துவிடாவிட்டால் நசுங்கிவிடும் என்று சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் சரியாகச் செய்யும்வரை விடவில்லை.

வேன் வளைவில் திரும்பி மறைந்தது. அம்மா வீட்டுக்குள் போய் ரேடியோவைப் போட்டாள். அண்ணன் விளக்குமாற்றை எடுத்துவந்து, சுத்தமாக இருந்த கொட்டிலை மறுபடியும் கூட்டத் தொடங்கினார்.