இடக்கையை மதிக்காத நாய்

எண்பதுகளின் நடுவில் கடல்கடந்து வந்து பக்குரங்கா என்ற புறநகரில் குடியிருந்தோம். ஒனிஹங்கா தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், கால் முறிந்து படுத்தபோது தன் கறுப்பு லாப்ரடோர் நாயை எங்களிடம் விட்டார். வாத்து வேட்டைக்கு அவளைப் பழக்கித் தரவேண்டும். மே மாதம் வேட்டை தொடங்குமுன் அவள் பழக்கத்தில் தேறினால் கூட்டிக்கொண்டு போவார். தேறாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை.

பழக்கும் முறையையும் அவரே சொல்லித் தந்திருந்தார். நாயைத் தூரத்தில் இருத்தி, இரு பக்கமும் துணிப் பொதி போட்டுவிட்டு, கையை நீட்டவேண்டும். நீட்டிய பக்கம் ஓடிப் பொதியைக் கவ்வி வரவேண்டும். வலக்கையை நீட்டினால் என் வலப்பக்கம் பறந்தாள். இடக்கையை நீட்டினாலும் வலப்பக்கமே பறந்தாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் எப்படியும் போகட்டும், எனக்குத் தலை திரும்பினால் போதும். நான் பழக்கிய பூங்காவுக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்து நின்றதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

காரணம் எங்கள் சமையலறையில் இருந்தது. மனைவி தோசையைப் பிய்த்து வலக்கையால் கொடுப்பாள், நானும் அப்படித்தான். இடக்கையால் ஒருவருக்கு ஒன்றை நீட்டுவது எங்கள் வளர்ப்பில் இல்லை. ஒருநாள் சோதித்துப் பார்க்க இடக்கையில் பிஸ்கட்டை நீட்டினேன். அவள் அதை முகர்ந்துகூடப் பார்க்காமல், சுற்றி வந்து என் வலக்கைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

“இனி இவவுக்கு இடக்கையாலைதான் சாப்பாடு,” என்றேன்.

“இடக்கையாலையோ? வாயில்லாச் சீவன் எண்டால் மரியாதை இல்லையோ?” என்றாள் மனைவி.

சண்டை பிடித்துக் கடைசியில் சம்மதிக்க வைத்தேன். ஆனால் இடக்கையால் கொடுக்கும்போதெல்லாம் வலக்கையால் தன் இட முழங்கையைத் தொட்டுக்கொள்வாள். மரியாதைக் குறைவுக்கு அது பரிகாரமாம். நான் பூங்காவில் இடப்பக்கம் மட்டுமே பொதியை எறிந்து பழக்கினேன். இடக்கையை நீட்டினால் நாய் ஓடாமல் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மனைவியைப் போல அதைத் தொட்டேன். அடுத்த கணம் இடப்பக்கம் பறந்தாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவு என் கெட்டித்தனத்தை விரித்துச் சொன்னபோது, மனைவி “ஓம், ஓம்” என்று மட்டும் ஆமோதித்து, நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் பொல்லூன்றிக்கொண்டு நாயின் சொந்தக்காரர் பூங்காவுக்கு வந்தார். வலப்பக்கம் பிழையில்லை. பிறகு இடக்கையை நீட்டினார். நாய் அசையவில்லை.

“மற்றக் கையால் முழங்கையைத் தொடுங்கள்,” என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பொல்லைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டார். நாய் அம்பாகப் பறந்துபோய்ப் பொதியோடு வந்தாள்.

“நல்லது. வேட்டையில் மற்றக் கையில் துப்பாக்கி அல்லவா இருக்கும்? தொடுவதற்கு மூன்றாவது கைக்கு நான் எங்கே போவது?” என்றார்.

வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த நாய் இனி உங்கள் வீட்டு ஆள்தான் என்று சொல்லிக் கழுத்துவாரை என் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

காரில் ஏறியதும், கூட வந்திருந்த மனைவிமேல் பாய்ந்தேன்.

“உம்மட முழங்கையாலை நான் பட்ட பாடெல்லாம் வீணாப்போச்சு.”

“என்ன வீணாப்போச்சு?” என்றாள் அவள். “பின்சீற்றிலை ஆர் இருக்கிறது எண்டு ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”