விமானிக்கு நான் கொடுத்த நற்சான்று

கடற்படை விமானிகளைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். எல்லா விமானிகளையும் எனக்குத் தெரியாது, ஒருவனைத்தான் தெரியும். வயிறு எரிய ஒருவன் போதும்.

டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு எதிர் பிளாக்கில் வளர்ந்தவன் அவன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி. இப்போது அவன் கப்பலின் பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறக்குகிறான். லீவில் டெல்லிக்கு வந்தால் பிளாக்கில் பாதி ஜனம் அவன் வீட்டில்தான் இருக்கும். "நம்ம மொட்டை மாடி முன்னாடி ஓடிட்டே இருக்கு, ரெண்டு பக்கமும் ஆடவும் ஆடுதுன்னு வெச்சுக்கோங்க ஆன்ட்டி, அதுல போய் உக்காரணும். அவ்ளோதான்" என்பான். ஆன்ட்டிகள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். "நீ என்னப்பா பண்ற?" என்று பேச்சுவாக்கில் என்னையும் கேட்பார்கள். நான் அமைச்சகத்தில் கிளார்க். அதைச் சொல்வதற்குள் அவர்கள் அடுத்த கேள்வியோடு அவன் பக்கம் திரும்பியிருப்பார்கள்.

இதில் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. பறக்க ஆசைப்பட்டவன் நான். பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்தது நான், விண்ணப்பம் வாங்கி வந்தது நான். அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "நேவின்னா கப்பல்தானேடா? அதுல ஏது பிளேன்?" என்பதுதான். கப்பலில் இருந்தும் பறக்கிறார்கள், கரையில் இருந்து கடல் மேல் ரோந்து போகிறார்கள் என்று உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். தனியாக ரயிலில் போக வேண்டுமே என்று இன்னொரு விண்ணப்பத்தை அவன் கையில் திணித்ததும் நான்தான். ஆக, அவன் எனக்குத் துணைக்கு வந்தவன்.

ஐந்து நாள் நேர்முகத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம். விமானிக்கான தகுதித் தேர்வு ஒன்று இருந்தது. ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம், தவறினால் அவ்வளவுதான். அதிலும் இரண்டு பேரும் தேறினோம். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். சில பக்கங்களில் எனக்கு வெறும் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிவதில்லையாம். இருபத்திரண்டு வருடம் டெல்லி சிக்னல்களைத் தாண்டியவனுக்கு அன்றுதான் அது தெரிந்தது. மேல்முறையீடு செய்தேன். இன்னொரு டாக்டர் அதே புத்தகத்தைக் காட்டினார். எனக்கு அதே புள்ளிகள்தான் தெரிந்தன.

துணைக்கு வந்தவன் தேர்வாகிவிட்டான். நான் எப்போதோ எழுதி வைத்திருந்த கிளார்க் பரீட்சைக்கு முடிவு வந்து, வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் அவன் ஒரு படிவத்தோடு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். போலீஸ் விசாரணைக்கான படிவம். தன்னை நன்றாகத் தெரிந்த, பொறுப்புள்ள இரண்டு பேரின் பெயரை அதில் எழுத வேண்டுமாம். "ஒண்ணு நம்ம ஸ்கூல் பிரின்சிபல். இன்னொண்ணு நீதான்டா. என்னை உன்னைவிட யாருக்குத் தெரியும்? இப்ப நீ கவர்மெண்ட் சர்வண்ட் வேற" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் கிடைத்த பொறுப்பைப் பார்த்தீர்களா? அவன் பறப்பதற்கு நான் சிபாரிசு.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கான்ஸ்டபிள் வந்தார். அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லி, "லட்கா கைஸா ஹை?" என்றார். பையன் எப்படி என்று கேட்கிறார்.

நல்ல பையன் என்று சொன்னால் முடிந்துபோகும். பொய்யும் இல்லை. எனக்கு டைஃபாய்டு வந்தபோது ஒரு மாதம் கல்லூரிப் பாடங்களையெல்லாம் தன் கையால் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தவன் அவன். ஆனால் எதிர் பிளாக் பால்கனியில் அவனுடைய புது கான்வாஸ் ஷூ காய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அங்கே போய் ஓடுவதற்காக வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஜ்யாதா நஹீன் ஜான்தா" என்றேன். அதிகம் தெரியாது. எதிர் வீடு, பார்த்தால் ஹலோ சொல்வோம், யார் யாரோடு சுற்றுகிறான் என்றெல்லாம் தெரியாது என்று ஹிந்தியில் தெளிவாகச் சொன்னேன்.

கான்ஸ்டபிள் என்னை ஒரு தரம் பார்த்தார். "அச்சா" என்றார். இன்னும் மூன்று வீடு போக வேண்டும் என்று அலுத்துக்கொண்டே ஒரு தாளை நீட்டி, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போட்டேன். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் சேரச் சொல்லும் கடிதம் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. கூடத் தேர்வான, முனிர்கா ஏரியாப் பையன் ஒருவனுக்குக் கடிதம் வந்துவிட்டது. இவன் தினமும் தபால்காரருக்காகக் கீழே வந்து நின்றான். "போலீஸ் ரிப்போர்ட்ல ஏதாவது ஆயிருக்குமாடா?" என்று என்னையே கேட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். குளுகுளுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரத்தில் அவன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திருநெல்வேலிக்காரர்கள். முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "ஏல, நீயும் அவன் பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரு மேலயும் எவன் கண்ணோ பட்டிருக்கு. ஒனக்கும் கைக்கு வந்தது தட்டிப் போச்சுல்லா" என்றார்கள். உப்பும் மிளகாயும் கையில் எடுத்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினார்கள். கேஸ் அடுப்பில் காய்ந்த பழைய தோசைக்கல்லில் போட்டார்கள். மிளகாய் கருகியது. நெடி வரவே இல்லை. நெடி ஏறாவிட்டால் திருஷ்டி இருக்கிறது என்று அர்த்தம்.

"பாத்தியா? ஒரு தும்மல் இல்ல, ஒரு இருமல் இல்ல. எம்புட்டுக் கண்ணு!" என்றார்கள்.

நான் வலிய இருமினேன். "சளி பிடிச்சிருக்காலே?" என்று கேட்டார்கள். இரண்டு டாக்டர்கள் பார்த்து உதவாது என்று தள்ளிய கண் இது. இந்த வேலையை மட்டும் இத்தனை சுத்தமாகச் செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தக் கான்ஸ்டபிள் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு நினைவே இல்லை. விவரம் சொல்லி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் சாவகாசமாக உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்தார். "இது போய் இருபது நாள் ஆச்சே. மேலே ஆபீஸில் எங்கேயாவது தூங்கும், தானாக வரும்" என்றார் ஹிந்தியில். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டு, ஃபைலில் இருந்த நகலைக் காட்டினார்.

ஹிந்தியில் நாலு வரி. சிறு வயதிலிருந்து இவனை அறிவேன். நல்ல குடும்பம், நல்ல நடத்தை. எனக்குச் சகோதரன் போன்றவன். எந்தக் குறையும் கண்டதில்லை. அதன் கீழே என் கையெழுத்து.

"நான் இப்படிச் சொல்லவில்லையே" என்றேன்.

"எல்லோரும் இதைத்தானே சொல்வார்கள்? அதனால் எழுதிவிட்டேன். ஏதாவது தப்பா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நிம்மதி வர வேண்டும், வரவில்லை. என் விஷத்தைக்கூட ஒரு கான்ஸ்டபிள் மதிக்கவில்லையே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

ஆறு நாளில் கடிதம் வந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். வண்டி நகரும்போது அவன் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கையெழுத்துலதான்டா போறேன்" என்றான். இன்றும் லீவில் வந்தால் ஆன்ட்டிகள் எதிரில் அதைச் சொல்கிறான். நான் மறுத்ததில்லை.

அவன் பறப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டே இத்தனை வருடம் போயிற்று, அது பழகியும் விட்டது. இன்னொன்று பழகவில்லை. அதே கான்ஸ்டபிள் அன்று அவன் வீட்டுக்குப் போய் என்னைப் பற்றிக் கேட்டிருந்தால், அந்த நாலு வரியையும் அவனே வாய் நிறையச் சொல்லியிருப்பான்.