கறிவேப்பிலைச் செடியடியில் சூசையப்பர்

கம்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. எங்கள் தெருப் பால்காரர். "ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாக. பாத்ரூம்ல விழுந்து கெடக்காக. எப்ப விழுந்தாகன்னே தெரியல." இலையை மூடிவிட்டு எழுந்தேன். அழுகை வரவில்லை. என் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருந்த சூசையப்பர் சிலைதான் நினைவுக்கு வந்தது.

சின்னமனூரில் அவரிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அவருடைய அதட்டல் தெரியும். தவளை அறுக்கும் வகுப்பில், "ஏலே, நீ எதுக்கு நடுங்குற? தவளையில்ல நடுங்கணும்" என்பார். அதே பள்ளியில் தமிழ் நடத்தி, அடுத்த வீட்டிலும் குடியிருந்த எனக்கு அவருடைய பயமும் தெரியும். கணவர் இறந்தபின் முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு இருந்துவிட வேண்டும், தனியாகக் கிடந்து சாகக் கூடாது. அது ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

வீடு விலை போகவில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் அவருடைய தங்கை ஒரு வழி சொன்னார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரின் சிலையைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். வீடு விற்றதும் எடுத்துப் புது வீட்டில் வைக்க வேண்டும். "அவரே குடும்பத்தோட எடம் தேடி அலைஞ்சவரு வசந்தா. நம்ம பாடு அவருக்குத் தெரியும்" என்றார் டீச்சர். அவருக்குக் குனிய முடியாததால் கறிவேப்பிலைச் செடியடியில் குழி தோண்டியது நான்தான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கையில் பிள்ளையோடு இருக்கும் சாமியைத் தலைகுப்புற மண்ணில் போட்டுவிட்டோமே என்று கிடந்து தவித்தேன். மூன்றாம் நாள் அவர் பூசைக்குப் போயிருந்தபோது தோண்டி எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, சந்தனம் வைத்து, என் வீட்டில் நிமிர்த்தி நிறுத்தினேன். பாவத்துக்குப் பயந்துதான் செய்தேன். டீச்சர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற ஆசையும் இருந்ததா என்றால், இருந்தது.

அதன்பின் புதன்கிழமைதோறும் அவர் அந்தச் செடியடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார். நானும் பக்கத்தில் கைகூப்பி நிற்பேன். "வாராக, பாக்குறாக, நல்லாருக்குன்னு சொல்றாக. அதோட சரி. மண்ணு இவரு காத அடச்சிருச்சோ?" என்று சிரிப்பார். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். சொன்னதில்லை.

சிலை இல்லாததால்தான் வீடு விற்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் நம்பி வைத்ததை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். கடைசிவரை மறைத்தேன். அவர் பயந்தபடியேதான் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் மண்வெட்டியோடு செடியடிக்குப் போனாள். "இங்கனதான்னு அம்மா சொன்னாக, அத்தை." தோண்டத் தோண்ட மண்தான் வந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிலையைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை வாங்கினாள். அதன் நெற்றியில் நான் வைத்திருந்த சந்தனத்தை விரலால் துடைத்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிலைதான். இப்போது முருகன் படத்துக்கு முன்னால் நிற்கிறது. புதன்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.