வெளிக்குப் போகச் சொன்ன டொக்டர்

மருந்து கொடுக்கிற உத்தியோகம் என்பது, ஒரு கையால் ஒன்றைக் கொடுத்து மறுகையால் இன்னொன்றைப் பறிக்கிற உத்தியோகம். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உடம்பு வலி, அதுதான் நோ, குறைந்தால் வாய் காயும். வாயை நனைத்தால் சத்தி வந்து, குடித்ததெல்லாம் வெளியே வரும். சத்தியை நிறுத்தினால் ஆள் நித்திரை. நீங்களும் இதெல்லாம் பட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடங்களில், யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றில், ஒரு சின்ன ஆசுபத்திரியின் மருந்து யன்னலுக்குள்ளே நான் நின்றேன். எந்தத் தீவென்று சொல்ல மாட்டேன். சொன்னால் டொக்டர் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அந்த மனுசன் பாவம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து மோட்டர் வள்ளம் வந்தால் எங்களுக்கு மருந்து வரும். கடல் பெருத்தாலும் வராது, நேவி மறித்தாலும் வராது.

மாதா இருந்த போத்தல்

தண்ணி மருந்துக்குப் போத்தல் நோயாளிதான் கொண்டுவர வேண்டும். சாராயப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல், மூடியே இல்லாத போத்தல் என்று எல்லாம் என் யன்னலுக்கு வரும். ஒவ்வொருவரிடமும் "கழுவினனீங்களோ?" என்று கேட்டுக் கேட்டே என் தொண்டை வற்றிவிடும்.

திரேசம்மா கொண்டுவந்தது நீலமூடி போட்ட ஒரு சின்னப் போத்தல். அவவின் புருசன் சவிரிமுத்து கடலில் தொழில் செய்த ஆள். நாரியில், இடுப்பெலும்பில், புற்றுநோய். பெரியாசுபத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, மோர்பீன் தண்ணி மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கு முந்தின கிழமைகளில் அவர் கத்துகிற சத்தம் கோயிலடி வரைக்கும் கேட்கும். பூசை நேரத்தில் சுவாமியார்கூட வேதாகமத்தை நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பார்.

போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மடு மாதா கோயிலிலையிருந்து தீர்த்தம் கொண்டந்த போத்தல் தம்பி. மாதா இருந்த இடத்திலை மருந்து பழுதாகாது."

ஆளையும் எடுத்தது

முதல் நாள் மருந்து குடித்ததும் சவிரிமுத்து அயர்ந்து நித்திரையாகிவிட்டார். அடுத்த நாள் திரேசம்மா ஒரு பாரை மீனை ஓலைப் பையில் கொண்டுவந்து யன்னலில் வைத்தா. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் ஏதோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி ஒரு பெருமை. மீனை வாங்கிக் குழம்பு வைத்து, வீட்டில் பெருமையடித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்தப் பெருமை அதிக நாள் தாங்கவில்லை. நோ கூடக் கூட மருந்தையும் கூட்ட வேண்டியிருந்தது. காலையில் நித்திரை, மத்தியானம் நித்திரை. கஞ்சிக்கு எழுப்பினால் வாயைத் திறப்பார், விழுங்குவதற்கு முதல் மறுபடி நித்திரை. கூப்பிட்டால் ஓம் என்பார். யாருக்கு ஓம் என்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது பெரிய விசயமில்லை. நாளுக்கு ஒருக்கால் புருசன் தன் முகத்தைப் பார்த்து ஏதும் கதைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏசினாலும் பரவாயில்லையாம். மருந்தைக் குறைத்தால் கத்துவார், குறைக்காவிட்டால் கதைக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைக் கண்டுபிடிக்க எனக்கும் டொக்டருக்கும் ஏலவில்லை.

"நோவை எடுங்கோ எண்டுதான் கேட்டனான் தம்பி. ஆளையும் சேர்த்து எடுக்கச் சொல்லேல்லை."

வலையில் சொறி

இந்த மருந்து சிலருக்கு உடம்பெல்லாம் கடி கொடுக்கும். கண்ணுக்கு ஒரு தடிப்பும் தெரியாது, ஆனால் சொறிந்து சொறிந்து தோல் போய்விடும். சவிரிமுத்துவுக்கும் வந்தது. அரை நித்திரையில் கிடக்கிற மனுசனுக்கு அது மருந்தால் வருகிறதென்று எப்படித் தெரியும்? வலையில் சொறிமுட்டை என்கிற கடிக்கிற இழுதுமீன் பட்டு, அது கையில் முட்டுகிறதென்றே நினைத்துவிட்டார். "சொறி, சொறி" என்று முனகிக்கொண்டு, போர்வையை வலைபோலக் கைமாற்றிக் கைமாற்றி நெஞ்சுக்கு இழுப்பார்.

கடிக்குப் பூசுகிற தண்ணி மருந்தோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போன நேரம், திரேசம்மா கட்டிலின் கால்மாட்டில் இருந்தா. போர்வையின் மற்றத் தலைப்பு அவவின் கையில். அவர் இழுக்க, அவவும் பிடித்து விட்டுக்கொடுத்து, சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தா. நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தனிய இழுத்தா அவருக்குக் கை நோகுமெல்லே தம்பி."

டொக்டரின் வைத்தியம்

எங்கள் டொக்டர் கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தவர். நல்ல பிள்ளை. ஆனால் எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் பிடிபடாது. அந்தப் பாதிக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அன்றைக்குப் பார்த்து நான் மருந்து எடுக்க ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தேன்.

இந்த மருந்து வயிற்றைக் கட்டிப்போடும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். திரேசம்மா டொக்டரிடம் போய், "ஐயா, அவர் ஒரு கிழமையா வெளிக்குப் போகேல்லை" என்றிருக்கிறா. எங்கள் ஊரில் வெளிக்குப் போவது என்றால் மலம் கழிப்பது. டொக்டருக்கு அது வீட்டுக்கு வெளியே போவது. "அதுதான் பிழை. அறைக்குள்ளேயே கிடந்தால் எப்படி? பின்னேரத்தில் நாலு பேர் தூக்கிக்கொண்டாவது கடற்கரைக்குக் கொண்டுபோங்க. காத்துப் படட்டும், தன்னால சரிவரும்" என்று சொல்லிவிட்டார். திரேசம்மாவும் இதைக் கொழும்பில் வந்த புது வைத்தியம் என்றே எடுத்துக்கொண்டா. எங்கள் ஆம்பிளைகள் அந்த அலுவலுக்குக் கடற்கரைப் பக்கம் போவது வழக்கம்தானே, சந்தேகம் ஏன் வரப்போகிறது?

தூக்கி அசைக்கும்போது சத்தி வந்துவிடும் என்று பின்னேர மருந்தைத் திரும்பி வந்த பிறகு கொடுக்கலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். சாய்மனைக் கதிரையில் இருத்தி, அயலவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். போன காரியம் நடக்கவில்லை. ஆனால் உப்புக்காற்று முகத்தில் பட்டதும் சவிரிமுத்து கண்ணை முழித்தார். அப்போது நேவி கடலில் தொழிலுக்குத் தடை போட்டிருந்ததால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. தன் வள்ளத்தைக் கண்டதும், "ஆரடா இதை வெய்யிலுக்கை இழுத்து விட்டது? பலகை வெடிக்கப்போகுது!" என்று தூக்கிவந்தவர்களை ஏசத் தொடங்கினார். நோ ஏறும் வரைக்கும், ஒரு அரை மணித்தியாலம், பழைய சவிரிமுத்துவாகவே ஏசினார். திரேசம்மா பக்கத்தில் நின்று அழுதழுது கேட்டுக்கொண்டிருந்தாவாம்.

நான் திரும்பி வந்து, வெளிக்குப் போவது என்றால் என்னவென்று டொக்டருக்கு விளங்கப்படுத்தினேன். மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு வயிற்றுக்கு மருந்து எழுதினார். கடற்கரையை என்ன செய்வது, நிற்பாட்டச் சொல்லட்டோ என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணே. ரெண்டுக்கும் போகட்டும்."

வள்ளம் வராத கிழமை

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கதிரை கடற்கரைக்குப் போனது. பிறகு ஒரு கிழமை கடலில் ஏதோ பிரச்சினை என்று, மருந்து வருகிற மோட்டர் வள்ளத்தையும் நேவி நிறுத்திவிட்டது. என் அலுமாரியில் அந்த மருந்து முடிந்தது. இருந்த பனடோல் குளிசைகளைக் கொடுத்தோம், அது தண்ணீர் கொடுத்ததற்குச் சமம்.

இத்தனை நாள் பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சும்மா விடாது. வேர்வை ஆறாக ஓடியது, கொட்டாவி, கால் உதறல், அதற்கு மேல் நோ. சவிரிமுத்து இராப்பகலாக முழிப்பு. யாரைப் பார்த்தாலும் அடையாளம் தெரிந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கெஞ்சினார். என் பேரையும் சொல்லித்தான். வெறும் யன்னலுக்குள்ளே நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. திரேசம்மா போத்தலைக் கையில் பொத்திக்கொண்டு வந்து நின்றா. ஊற்ற ஒன்றுமில்லை என்று அவவுக்கும் தெரியும்.

"அவர் முழிச்சிருக்க வேணுமெண்டு நான் கேட்டதை, கடவுள் பிழையா விளங்கிப்போட்டார் தம்பி."

மற்றத் தலைப்பு

வள்ளம் வந்தது. மருந்தோடு நான் ஓடினேன். மறுநாள் பின்னேரம் கதிரை தூக்க ஆள் குறைந்ததால் நானும் ஒரு காலைப் பிடித்தேன். நல்ல கச்சான் காற்று. சவிரிமுத்து அன்றைக்கு வள்ளத்தைப் பார்க்கவில்லை, யாரையும் ஏசவில்லை. இனி ஒன்றும் கதைக்க மாட்டார் என்றே நினைத்தேன். திரேசம்மா அவருடைய காலடியில் மணலில் இருந்தா. கொஞ்ச நேரத்தால் அவர் குனிந்து அவவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இஞ்சேர். வலை பாரமில்லாமல் வந்துது. மற்றத் தலைப்பை நீ பிடிச்சனீ எண்டு எனக்குத் தெரியும்."

அந்தக் கிழமைக்குள்ளேயே அவர் நித்திரையில் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு திரேசம்மா யன்னலுக்கு வந்து நீலமூடிப் போத்தலை நீட்டினா. வழக்கமான கேள்வியை நான் கேட்கவில்லை.

"கழுவினனான் தம்பி. போத்தல் இல்லாமல் வாறவை ஆருக்கும் குடுங்கோ."

எத்தனையோ மருந்தை அளந்து ஊற்றிக் கொடுத்த என் உத்தியோகத்தில், ஒரு பக்க விளைவும் இல்லாமல் வேலை செய்த ஒரே மருந்து, டொக்டர் பிழையாக விளங்கிக்கொண்டு சொன்ன அந்த ஒன்றுதான்.