பின்சீட்டைப் பற்றி ஒரு வரி

அம்மாவுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய் பரவிய காலத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கிழமைக்கு ஒருமுறை மகரகம ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு பஸ். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அம்மா உதட்டைக் கடிப்பா. ஒருநாள் மருதானையில் இறங்கியவ, அடுத்த பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டா. வாடகைக் காரில் வீடு திரும்பினோம். எப்போதும் அப்படிப் போக அப்பாவின் துறைமுகக் கிளார்க் சம்பளம் காணாது.

அதற்குப் பிறகுதான் அப்பா மோட்டார் சைக்கிள் தேடத் தொடங்கினார். புதியவை நாட்டுக்குள் வராத காலம். கிடைத்ததெல்லாம் பழைய இங்கிலாந்து வண்டிகள். அவை புதிதாக வந்த காலத்து ஆங்கிலச் சஞ்சிகைகளை ஒரு பழைய புத்தகக் கடையில் கட்டாக வாங்கிவந்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியிருப்பான். வேகம், பிரேக், பெற்றோல் செலவு என்று பக்கம் பக்கமாக. அப்பா தேடியது பின்சீட்டைப் பற்றி மட்டும்.

"இவங்கள் ஒருத்தரும் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போறேல்லையோ?" என்று எரிந்து விழுவார்.

கடைசியில் ஒன்றில் கிடைத்தது. பின்னால் இருந்தவர் நாள் முழுக்கப் போயும் களைக்கவில்லை என்று ஒரு வரி. அதே வண்டி வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் விலைக்கு நின்றது. வாங்கினார்.

முதல் நாள் நான் பஸ்ஸில் முன்னதாகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வந்து இறங்கிய அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. பழைய வண்டி, ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தது.

"நோகுதோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை. பஸ்ஸை விட நல்லம்."

அவர் வரிசை நம்பர் எடுக்கப் போனதும், "உண்மையாவோ அம்மா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை. பஸ்ஸில அப்பா எங்கேயோ நெரிபட்டுக்கொண்டு நிப்பார். இதில அவரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கலாம்."

சில கிழமைகள் அப்படிப் போனார்கள். பிறகு அம்மாவால் நிமிர்ந்து இருக்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே செத்துப்போனா.

"பிழையான வண்டியை எடுத்துப்போட்டன்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். அவர்களுக்கு விளங்கவில்லை. பொறுக்கமுடியாமல் நான், அம்மா அன்று என்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப, நொந்துதான் இருக்கு" என்றார்.

பென்ஷன் எடுக்கும்வரை அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்தார்.